டர்போவை எங்கே வைக்கலாம், சம்பந்தி?

பிப்ரவரி 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாப்பா போட்ட உத்தரவுப்படி இதைக் கடிதமாக எழுதுகிறேன். "இனிமே நீங்க ரெண்டு பேரும் எஞ்சினைப் பத்திப் போன்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது. எழுதிக்குங்க. எழுதினா யாருக்கும் தொண்டை கட்டாது" என்று விமான நிலையத்தில் விரலை நீட்டிச் சொன்னாள். பெற்ற அப்பனையும் மாமியாரையும் ஒரே விரலால் மிரட்ட நான் கற்றுக்கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பட்டறையில், உங்கள் ஆட்கள் முன்னால், உங்கள் ஆறு லிட்டர் எஞ்சினை எருமை என்று சொன்னது தப்பு. பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் ஸ்பானரை மேஜை மேல் வைத்த சத்தத்தை நானும் மறக்கவில்லை. 'வைத்த' என்பது மரியாதைக்காக எழுதியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா இப்போது பந்தயக் காரில் கால் மைலை 10.4 நொடியில் ஓடுகிறாள். அக்டோபரில் வரும் கடைசிப் பந்தயத்துக்குள் ஒரே ஒரு முறை பத்துக்குக் கீழே ஓடிவிட்டால் மேல் வகுப்பில் இடம். ஓடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இதற்காக அவள் நாலு வருடமாக உழைக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எஞ்சின் பெரிதானால் வண்டியும் கனக்க வேண்டும் என்பது பந்தய விதி. ஆறு லிட்டருக்கு ஏற்ற எடையைச் சுமந்துகொண்டு பறக்க முடியாது. இரண்டு லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுங்கள். அதற்கு ஒரு டர்போ மாட்டுங்கள். வீணாக வெளியே போகும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுழற்சியில் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற வித்தையை இருபத்தாறு வருடமாகக் கப்பல் எஞ்சின்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.

பாப்பாவின் அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உங்கள் பக்கம்தான் பேசுகிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 22

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். எருமை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்த பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தேன். வெல்டர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவரை நாங்கள் ஆமை என்று கூப்பிடுவோம். அவர் நிமிர்ந்து பார்ப்பதே பெரிய விஷயம்.

கடுகைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல பழமொழி. கடுகின் காரம் தாளித்த பிறகுதான் தெரியும். எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். அதுவரை பக்கத்து வண்டிக்காரன் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பானா? உங்கள் கப்பல் கிளம்புவதற்கு அரை நாள் எடுத்துக்கொள்ளும். என் மருமகள் பச்சை விளக்கு எரிந்த கணத்தில் கிளம்ப வேண்டும். சின்ன எஞ்சின் விடும் மூச்சில் டர்போ சுற்ற ஆரம்பிக்கவே நேரமாகும். பெரிய எஞ்சினுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. மிதித்தால் போகும்.

நீங்கள் அவள் ஓடி நேரில் பார்த்ததில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள். மற்றவர்கள் எல்லாம் விளக்கைப் பார்த்துக்கொண்டு உடம்பை முறுக்கி வைத்திருப்பார்கள். இவள் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருப்பாள். விளக்கு மாறும். வண்டி போய்விட்டிருக்கும். அவள் எப்போது மிதித்தாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. முப்பது வருடம் வண்டி கட்டுகிறேன், இப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. உங்கள் மாப்பிள்ளை, அதான் நான் பெற்ற பிள்ளை, பல் டாக்டர், வண்டி நாற்பதைத் தாண்டினாலே கண்ணை மூடிக்கொள்வான். இவளுக்கும் அவனுக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்காதீர்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அது போதும்.

போன மாதம் அவள் பின் அச்சை முறித்துவிட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். நான் ஒரு பிஸ்டனை உடைத்ததற்கு அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

பட்டறைக்காரி


மார்ச் 11

சம்பந்தியம்மா,

கடுகுக்கு நீங்கள் சொன்ன பதிலைக் கப்பல் பட்டறையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே நான் ஒரு மதிப்புள்ள மனிதனாக இருந்தேன். போகட்டும்.

எந்த எஞ்சின் என்று பாப்பாவே சொல்லட்டும். ஓட்டுகிறவள் அவள். எதுவானாலும் ஒரு டர்போ வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பத்துக்குக் கீழே போக வேறு வழியில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது பேச்சு. என் யோசனை, பின்னால் வையுங்கள், டிக்கிக்கு அடியில். பந்தய வண்டியில் பின் சக்கரம்தான் தள்ளுகிறது. அதன் மேல் நாற்பது கிலோ கூடுதலாக உட்கார்ந்தால் டயர் வழுக்காமல் கடிக்கும். முன்பக்கம் காற்றோட்டமாக இருக்கும். குழாய் நீளமாக இருப்பதால் புகை கொஞ்சம் ஆறி வரும், டர்போவுக்கு ஆயுள் கூடும்.

இன்னொன்று. வேலை செய்யும் டர்போவை நீங்கள் இருட்டில் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கரி மாதிரி சிவந்து நிற்கும். அதைக் கொண்டுபோய் ஓட்டுகிறவளின் கால்மாட்டில் வைக்க வேண்டுமா?

நான் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு டர்போ சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. என்னைவிட உயரம். ஒவ்வொரு இதழையும் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிய இன்னும் பல மாதங்கள் ஆகும். அதற்குள் இங்கிருந்து நகர விட மாட்டார்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்தி அவர்களுக்கு,

எஞ்சின் முடிவாகிவிட்டது. உங்கள் இரண்டும் இல்லை, என் ஆறும் இல்லை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர்.

எப்படி என்று சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தபோது மருமகள் ஒரு வேலை செய்தாள். காலி வண்டியை நாலு எடைத்தட்டுகள் மேல் நிறுத்தினாள், சக்கரத்துக்கு ஒன்று. சங்கிலிக் கப்பியில் என் ஆறு லிட்டரைத் தொங்கவிட்டு முன்னால் இறக்கச் சொன்னாள். முன் சக்கரங்களின் முள் எகிறியது, பின் சக்கரங்கள் லேசாகிப் போயின. "அத்தை, இது கிளம்புற இடத்துலயே நின்னு டயரைத் தேய்க்கும்" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்புறம் உங்கள் இரண்டு லிட்டரை எடுத்துவரச் சொல்லி, அதன் சிலிண்டர் சுவரைக் கேலிப்பரால் அளந்தாள். "அப்பா சொல்ற அளவுக்குக் காத்தைத் திணிச்சா இது ஒரு ஓட்டம் தாங்கும். ரெண்டாவது ஓட்டத்துக்குப் பொறுக்கிக்கிட்டுத்தான் வரணும்" என்றாள். உங்கள் முகம் சுண்டியதை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மூன்று லிட்டரை இறக்கினாள். முள் சமமாக நின்றது, சுவரும் கனம். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். நம் இருவரின் ஐம்பத்தாறு வருட அனுபவத்தை ஒரு மதியத்தில் முடித்துவிட்டாள், சம்பந்தி. எனக்கு அதில் இருக்கும் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

டர்போ வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னாலா? வண்டியின் வாலில் கொண்டுபோய் வைத்தால் புகை அங்கே போவதற்குள் சூட்டையும் வேகத்தையும் பாதி வழியில் சிந்திவிடும். அங்கிருந்து காற்றுக் குழாயை மறுபடி முன்னால் இழுக்க வேண்டும். அத்தனை நீளக் குழாய் நிரம்பும்வரை மருமகள் என்ன செய்வாள், கொட்டாவி விடுவாளா? எஞ்சினை ஒட்டி, புகை வாயிலேயே வைக்கப்போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் அப்பாவாக எழுதுகிறீர்களா, டர்போக்காரராக எழுதுகிறீர்களா?

பட்டறைக்காரி


ஏப்ரல் 20

சம்பந்தியம்மா,

கேட்டது நியாயம். இரண்டு பேரையும் தனித்தனியாக எழுத வைக்கிறேன்.

அப்பா எழுதுவது: எனக்குப் பயம்தான். டயர் வழுக்கும், காற்றோட்டம் என்று எழுதியதெல்லாம் பயத்துக்குப் போட்ட சட்டை. அவள் வண்டி ஓட்டும் வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக்காரிதான் முழுதும் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சு, வாங்க" என்று கூப்பிடுவாள்.

டர்போக்காரர் எழுதுவது: நீங்கள் சொல்வதுதான் சரி. ஓட்டமே பத்து நொடி. அதில் அரை நொடி காற்றுக்காகக் காத்திருந்தால் அதோடு கதை முடிந்தது. எஞ்சினை ஒட்டியே வையுங்கள். மூன்று லிட்டரைப் பற்றியும் எனக்கு மறுபேச்சு இல்லை. எடைத்தட்டு யோசனை எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இனிமேல் அந்த முதல் ஆள் உங்களுக்கு எழுத மாட்டான். வாக்குக் கொடுக்கிறேன். அவள் இப்போது உங்கள் வீட்டுப் பெண். வண்டி உங்கள் கையால் கட்டுவது. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு அழகில்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை.

சம்பந்தி


ஜூன் 6

சம்பந்தி அவர்களுக்கு,

படங்கள் வைத்திருக்கிறேன். வண்டி தயார்.

முதல் படத்தில் ஆமை வளைத்த புகைக்குழாய். ஆறு வாய், ஆறும் ஒரே நீளம். ஒவ்வொரு பற்றவைப்பும் மீன் செதில் அடுக்கியது போல இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவரிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "ம்" என்றார். அவருக்கு அது ஒரு பிரசங்கம்.

இரண்டாவது படத்தில் டர்போ. எஞ்சினின் வலது பக்கம், ஓட்டுகிறவளின் முன்சுவரை ஒட்டி, வாயோடு வாயாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் தெரிவது பிரேக் சிலிண்டரும் அதன் எண்ணெய் டப்பாவும். நடுவே என் கை போகிற இடம் இருக்கிறது. ஒரு தகட்டை மறைப்பாக வைத்திருக்கிறேன். போதும் என்று நினைக்கிறேன். உங்கள் கண்ணில் ஏதாவது குறை பட்டால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

முதல் முறை எஞ்சினை எழுப்பிய அன்று பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்து ஆணி ஒன்று கீழே விழுந்தது. எல்லாரும் கைதட்டினோம். மருமகள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "மூணாவது சிலிண்டர் கொஞ்சம் பசியா இருக்கு அத்தை" என்றாள். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதின் பெட்ரோல் தெளிக்கும் முனையில் தூசி. சில பேருக்குக் காது சங்கீதத்துக்கு இருக்கும். இவளுக்கு இதற்கு இருக்கிறது. இவளை எனக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும் இதுவரை நான் நன்றி சொன்னதில்லை. கல்யாண வீட்டில் இதெல்லாம் பேசத் தோன்றுவதில்லை. இப்போது சொல்கிறேன்.

இழுவையை அளக்கும் உருளை மேல் வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். பெரிய எஞ்சினில்கூட நான் இப்படி ஒரு இழுப்பைப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் ஓடுதளத்தில் ஒத்திகை.

பட்டறைக்காரி


ஜூன் 19

சம்பந்தியம்மா,

படங்கள் வந்தன. சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் தலைமை வெல்டர் உங்கள் ஆமையின் வேலையைப் பார்த்துவிட்டு அவருக்கு இங்கே வேலை வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

நன்றி என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரி படித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். பாப்பாவின் கல்யாணப் படத்தோடு கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது படத்தை நிறைய நேரம் பார்த்தேன். ஒன்று கேட்கலாம் என்று… இல்லை, விடுங்கள். நீங்கள் நேரில் நின்று கட்டியவர். படத்தில் தூரம் சரியாகத் தெரியாது. எல்லாம் அருமையாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

ஒத்திகை நன்றாக நடக்கட்டும்.

சம்பந்தி


ஜூலை 15

சம்பந்தி,

முதலில் இதைப் படியுங்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே தூங்குகிறாள்.

ஒத்திகையில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டி தளத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டது. அதைத் துடைக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. உச்சி வெயில், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு விளக்கு மாறியது, போனாள். 10.08. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. நான் குதித்தேன். குதித்துக் கீழே இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது, வண்டி வேகம் குறையவில்லை.

பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. பக்கத்தில் சிவந்துகிடந்த டர்போ பிரேக் எண்ணெயைக் கொதிக்க வைத்துவிட்டது. கொதித்த எண்ணெயில் குமிழி, குமிழியை மிதித்தால் என்ன இருக்கும்? அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் உருண்டிருக்கும். கைப்பிரேக்கைக் கொஞ்சம் இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வண்டி சுழலாமல், தளம் முடியும்வரை அப்படியே வேகத்தைக் கரைத்துக்கொண்டே போய் மணல் மேட்டில் மூக்கைக் குத்தி நின்றாள். நான் ஓடிப் போனேன். என் வயதுக்கு அது ஓட்டமா என்று தெரியாது. அவள் கதவைத் திறந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, "பத்து புள்ளி பூஜ்யம் எட்டு அத்தை. பிரேக் செத்துப்போச்சு" என்றாள். அதற்கப்புறம்தான் மணலில் உட்கார்ந்தாள். நான் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். இரண்டாவது படத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? எதை எழுத வந்து, விடுங்கள் என்று நிறுத்தினீர்கள்?

உங்களை மட்டும் சொல்லவில்லை. ஒத்திகைக்கு முன்பே, பட்டறையில் எஞ்சின் கால் மணி நேரம் ஓடிய பிறகு அந்த எண்ணெய் டப்பாவின் மூடியில் என்னால் கை வைக்க முடியவில்லை. எனக்கே உறுத்தியது. ஆனால் டர்போக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு அருமை என்று எழுதிவிட்டாரே, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். உங்கள் மகளும் லேசுப்பட்டவள் இல்லை. கிளம்பும் முன்பே மிதி கொஞ்சம் மெத்தென்று இருந்ததாம். "அத்தை பாத்துப் பாத்துக் கட்டின வண்டி, அதுல போய் எப்படிக் குறை சொல்றதுன்னு இருந்துச்சு" என்கிறாள்.

இரவு சாப்பாட்டு மேஜையில் அதே விரலை நீட்டினாள். "எங்க அப்பா உங்களுக்கு மரியாதை, நீங்க எங்க அப்பாவுக்கு மரியாதை, நான் உங்களுக்கு மரியாதை. மூணு பேர் மரியாதையும் சேர்ந்து என்னை மணல்ல கொண்டுபோய் விட்டுச்சு. எனக்கு மரியாதை வேணாம் அத்தை. பிரேக் வேணும்." அவள் புருஷன், கார் என்றாலே கண்ணை மூடுகிறவன், எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று எழுதினீர்கள். பார்க்காமல் விட்டதில் சுற்றமே இல்லாமல் போயிருக்கும், சம்பந்தி.

பட்டறைக்காரி


ஜூலை 24

சம்பந்தியம்மா,

ஆமாம், பார்த்தேன். படம் வந்த அன்றே பார்த்தேன். அந்தத் தகடு உதவாது என்றும் தெரியும். ஓடும்போது காற்று வரும், தாங்கும். நிற்கும்போது தகடே அடுப்பாகிவிடும். எழுதப் பேனாவை எடுத்தேன். இனிமேல் குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது நினைவு வந்தது. 'அப்பா பயந்துட்டாரு' என்று உங்கள் பட்டறையில் சத்தமாகப் படிப்பீர்களே என்றும் தோன்றியது. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, "ஏன் முகம் கோணுது? சம்பந்தி வீடுன்னு வாயைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். உங்கள் கடிதத்தை அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு அதை என் சாப்பாட்டுத் தட்டில் வைத்தாள். என்னைத் திட்ட உங்களுக்கு இன்னும் நிறைய வார்த்தைகள் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் திட்டுக்கு நடுவில் வேலையும் நடக்கட்டும். இதோ, மரியாதை இல்லாமல் எழுதுகிறேன்.

டர்போ இருக்கும் இடம் தப்பு. கழற்றுங்கள். பின்னால் வைக்கச் சொல்ல மாட்டேன், அது என் பயத்தின் இடம். எஞ்சினுக்கு முன்னால், மூக்கருகில், தாழ்வாக, பிரேக் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஓடும்போது காற்று நேராக அடிக்கும். நிற்கும்போது சூடு மேலே கிளம்பினாலும் அங்கே பிரேக் இல்லை. குழாய் ஒரு முழம் நீளும், அதனால் காற்று வரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்கு இப்போது இருக்கும் டர்போவின் புகைக்கூடு, அதாவது சக்கரத்தை மூடியிருக்கும் கூடு, பெரிது. அதையும் நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு அளவு சின்னக் கூட்டை அனுப்பியிருக்கிறேன். வாய் குறுகினால் புகை வேகமாகப் பாயும், சக்கரம் சீக்கிரம் எழும்பும். குழாயைச் சூடு தாங்கும் துணியால் இறுக்கிச் சுற்றுங்கள்.

கைப்பிரேக்கை விட்டு விட்டு இழுத்தாள் என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்துவிட்டேன். அந்த வேகத்தில், அந்தக் கணத்தில், எனக்கு அது தோன்றியிருக்காது. அவளை யார் பெற்றார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

டர்போக்காரர்


ஆகஸ்ட் 17

சம்பந்தி,

உங்கள் சின்னக் கூடு வந்தது. ரொம்பச் சின்னது! கப்பலில் தேடி எடுத்த பொம்மையா? கிளம்பும்போது சுகமாக இருக்கும், கடைசி நூறு கஜத்தில் மூச்சு முட்டி வண்டி சாகும். அனுப்பும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா இல்லையா? உள்வாயை ஆமையிடம் கொடுத்து இரண்டு மில்லிமீட்டர் அகட்டச் சொல்லியிருக்கிறேன். மறுத்துப் பேசுவதாக இருந்தால் இப்போதே பேசுங்கள், அகட்டிய பிறகு அழாதீர்கள்.

மூக்கருகில் வைப்பது நல்ல யோசனை. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாற்றிவிட்டேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் டப்பாவின் மூடியில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்காமல் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்தேன். பிறகு மருமகள் வந்து என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தாள். அவள் இப்போது யாரையும் நம்புவதில்லை. நல்லது.

பட்டறைக்காரி


ஆகஸ்ட் 29

சம்பந்தியம்மா,

இரண்டு வேண்டாம், ஒன்றரை. இரண்டு அகட்டினால் நான் அனுப்பியதற்கே அர்த்தமில்லை. கணக்கு தனித்தாளில் இருக்கிறது. கடைசி நூறு கஜத்தில் மூச்சு முட்டும் என்பது உண்மை, அதை நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். கப்பலுக்குக் கடைசி நூறு கஜம் என்று ஒன்று இல்லவே இல்லை, அதனால் வந்த குறை.

இன்னொரு குறையும் சொல்கிறேன். இந்த முறை நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படத்தில், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறது. அதில் எண்ணெய் தேங்கும். நிமிர்த்துங்கள். நான்காவது படத்தில் ஒன்றும் குறை இல்லை. இல்லை என்றால் இப்போது நிஜமாகவே இல்லை.

டர்போக்காரர்


அக்டோபர் 21

சம்பந்தி,

இந்நேரம் பாப்பா போனில் சொல்லியிருப்பாள். உங்களுக்குச் செய்தி தெரியும். ஆனாலும் அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

ஒன்றரைதான் அகட்டினேன். நீங்கள் ஜெயித்தீர்கள். குழாயையும் நிமிர்த்தினேன். பந்தயத்தன்று காலை முதல் ஓட்டம் 10.02. மதியம் வெயில் ஏறியது, தளம் வழுக்கியது. டயர் காற்றைக் குறைக்கலாமா என்று நான் சொல்லி, வேண்டாம் என்று அவள் சொல்லி, கால் மணி நேரம் சண்டை போட்டோம், எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் சொன்னபடிதான் விட்டேன். அந்த நாளின் கடைசி ஓட்டத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் ஆறு வண்டி. ஒவ்வொன்றும் நகர்கிறபோது நான் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். ஆறாவது முறை, "அத்தை, போதும், போங்க" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள். உங்கள் மாப்பிள்ளை வேலியோரம் நின்றிருந்தான். கண் திறந்திருந்தது. நான் பார்த்தேன்.

விளக்கு மாறியது. அவள் எப்போது மிதித்தாள் என்று இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும்பி இறங்கின. மூன்று லிட்டர் அப்படிக் கத்தும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பக்கத்துத் தடத்து வண்டி எங்கே போனது என்று தெரியாது. மேடையில் எல்லாரும் முடிவுக் கோட்டில் இருக்கும் பெரிய நேரப் பலகையைப் பார்த்தார்கள். நாலு வருடம் அந்தப் பலகையில் ஒன்பது என்ற எண்ணைப் பார்க்கத்தான் நானும் காத்திருந்தேன்.

நான் அதைப் பார்க்கவில்லை, சம்பந்தி. வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பிடித்தால் எரியும் அந்த இரண்டு சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டினாள். எரியவில்லை. இன்னும் எரியவில்லை. பிறகு எரிந்தன. இரண்டும் எரிந்தன. வண்டியின் மூக்கு தாழ்ந்தது, வேகம் இறங்கியது, தளத்தில் இடம் நிறைய மிச்சம் இருக்கும்போதே திரும்பி மெதுவாக எங்கள் பக்கம் வர ஆரம்பித்தாள். ஆமை என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் ஓடி வந்து நான் பார்த்தது அன்றுதான். "ஒன்பது எண்பத்தாறும்மா! ஒன்பது எண்பத்தாறு!" என்று கத்தினார். யாருக்கு என்று கேட்டேன்.

பட்டறைக்காரி